சூரியனுக்குச் சாம்பிள் எடுத்த கதை

மே மாத விடுமுறைக்கு வந்திருந்த என் பேத்தி மொட்டை மாடிக் கீற்றுக் கொட்டகையில் குப்புறப் படுத்துக்கொண்டு புத்தகம் புரட்டிக்கொண்டிருந்தாள். ஆறாம் வகுப்பு முடித்து ஏழுக்குப் போகிறவள். திடீரென்று தலையைத் தூக்கினாள்.

"தாத்தா, சூரியன்ல ஹைட்ரஜனும் ஹீலியமும் இருக்குன்னு போட்டிருக்கு. அங்க யாரும் போனதே இல்ல. போனா பொசுங்கிடுவாங்க. அப்புறம் யாரு பாத்துட்டு வந்து சொன்னது?"

எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. 31 வருஷம் நான் பார்த்த வேலையே இந்தக் கேள்விக்குப் பதில்தான். அதை என்னிடம் அதுவரை ஒருவரும் கேட்டதில்லை.

ரயில்வே போர்டில் திருநின்றவூர் என்று இருந்தாலும் எங்கள் வாயில் இந்த ஊர் தின்னனூர். இங்கிருந்து கம்பெனி வேன் பெரியபாளையம் வழியாகக் கும்மிடிப்பூண்டிக்குப் போகும். அங்கே ஓர் இரும்பு உருக்காலையின் லேபில் இருந்தேன். பழைய சைக்கிள், துருப்பிடித்த கம்பி, நசுங்கிய டின், லாரிப் பட்டை என்று ஸ்கிராப் மலையாக வந்து இறங்கும். எல்லாம் ஃபர்னஸுக்குள் போய் ஒரே குழம்பாகிவிடும். அதில் என்னென்ன கலந்திருக்கிறது என்பது யாருக்கும் தெரியாது. மெல்டர் நீளக் கரண்டியை உள்ளே விட்டு ஒரு மொள்ளு மொண்டு சின்ன அச்சில் ஊற்றுவார். இறுகியதும் தண்ணீரில் முக்குவார்கள், 'சுர்' என்று ஆவி கிளம்பும். இடுக்கியில் அதைப் பிடித்துக்கொண்டு ஒரு பையன் லேபுக்கு ஓடி வருவான். இதற்குத்தான் சாம்பிள் என்று பெயர்.

அந்த வில்லையின் ஒரு பக்கத்தை மழமழவென்று தேய்த்து, ஸ்பெக்ட்ரோ மெஷின் மேல் கவிழ்த்து வைத்துப் பொத்தானை அழுத்துவேன். ஆர்கான் வாயு சீறும். வில்லைக்கும் கீழே இருக்கும் கூர்முனைக்கும் நடுவே மின்பொறி பறக்கும். பொறி பட்ட இடத்தில் இரும்பு கொஞ்சம் ஆவியாகி ஒளிவிடும். மெஷின் அந்த ஒளியை வாங்கி வானவில் மாதிரி பிரித்து, எந்த நிறத்தில் எவ்வளவு பளிச்சென்று கோடு விழுகிறது என்று அளக்கும். அரை நிமிஷத்தில் திரையில் வந்துவிடும்: கார்பன் இவ்வளவு, மாங்கனீஸ் இவ்வளவு, கந்தகம், பாஸ்பரஸ், குரோமியம் இவ்வளவு. ஃபர்னஸ் பக்கத்திலிருந்து இன்டர்காமில் குரல் கேட்கும்: "சார், ஹீட்டு ஓகேவா?" நான் எண்ணைச் சொன்ன பிறகுதான் அடுத்த வேலை நடக்கும்.

இதில் நான் இரும்பை அமிலத்தில் கரைக்கவில்லை, நாக்கில் வைத்துப் பார்க்கவில்லை. அது விட்ட வெளிச்சத்தை மட்டும்தான் விசாரித்தேன். ஒவ்வொரு தனிமத்துக்கும் தனக்கென்று சில நிறக் கோடுகள் உண்டு. ஒருவர் கைரேகை இன்னொருவருக்கு வராது, அந்த மாதிரி. வீட்டிலேயே இதைப் பார்க்கலாம். உப்புப் போட்ட தண்ணீர் பொங்கி கேஸ் அடுப்பில் வழிந்தால் நீலத் தீ சட்டென்று மஞ்சளாகும். அது உப்பில் இருக்கும் சோடியத்தின் நிறம். 1859-60 வாக்கில் ஜெர்மனியில் கிர்க்காஃபும் புன்சனும் இப்படித் தீயின் நிறத்தைப் பிரித்துப் பார்த்துத்தான் இந்த வித்தைக்கு இலக்கணம் எழுதினார்கள். தீயில் செல்லுபடியாகும் கணக்கு சூரிய ஒளியிலும் செல்லுபடியாகும் என்று கண்டதும் அவர்கள்தான். வெளிச்சம் கிடைத்தால் போதும், சாம்பிள் கிடைத்த மாதிரி.

சூரியனின் சாம்பிளோ தினமும் நம் வாசலில் விழுகிறது. 15 கோடி கிலோமீட்டர் தாண்டி 8 நிமிஷம் 20 விநாடியில் வந்து சேருகிறது. மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் நிற்காமல் ஓடும் ரயிலில் ஏறினால் அதே தூரத்துக்கு 171 வருஷம் ஆகும்.

ஹீலியத்தைக் கண்டுபிடித்த கதையைப் பேத்திக்குச் சொல்ல எனக்குத் தனி ஆசை. அது நம் பக்கத்தில் நடந்தது. 1868 ஆகஸ்ட் 18, முழுச் சூரிய கிரகணம். நிழல் அப்போதைய சென்னை மாகாணத்தின் குண்டூர், மசூலிப்பட்டினம் வழியாகப் போனது. பிரான்ஸிலிருந்து ஜான்சன் என்பவர் கருவியோடு குண்டூரில் வந்து காத்திருந்தார். நுங்கம்பாக்கத்தில் இருந்த மெட்ராஸ் வானாய்வகத்தின் தலைவர் நார்மன் போக்சன் மசூலிப்பட்டினத்துக்குப் போனார். அவரிடம் வேலை பார்த்த நம் சிந்தாமணி ரகுநாதாச்சாரி வனபர்த்தியில் இருந்து பார்த்தார். சூரியன் ஐந்து நிமிஷத்துக்கு மேல் முழுசாக மறைந்தது. மறைந்த தட்டின் விளிம்பில் செந்நிற நாக்குகள் நீட்டிக்கொண்டு நின்றன. அவற்றின் ஒளியைப் பிரித்தபோது பளிச்சென்ற கோடுகள் தெரிந்தன. ஹைட்ரஜன் கோடுகள் இருந்தன. கூடவே ஒரு மஞ்சள் கோடு.

மஞ்சள் என்றால் சோடியமாக இருக்கும் என்றுதான் பலரும் நினைத்தார்கள், அடுப்பில் பார்த்த அதே மஞ்சள். ஆனால் இது மயிரிழை தள்ளி விழுந்திருந்தது. ஜான்சன் மறுநாள் கிரகணம் இல்லாத வெறும் வெயிலிலேயே அந்த நாக்குகளின் கோடுகளைப் பார்த்துவிட்டார். இரண்டு மாதம் கழித்து இங்கிலாந்தில் நார்மன் லாக்கியரும் தனியாக அதைப் பார்த்தார். பூமியில் தெரிந்த எந்தப் பொருளுக்கும் இந்த மஞ்சள் பொருந்தவில்லை. அப்படியானால் இது சூரியனில் இருக்கிற புதுப் பொருள் என்று முடிவுகட்டி, சூரியனுக்கான கிரேக்கச் சொல்லான ஹீலியோஸிலிருந்து ஹீலியம் என்று பெயர் வைத்தார்கள். பலர் நம்பவில்லை. 27 வருஷம் கழித்து, 1895-ல், லண்டனில் வில்லியம் ராம்சே ஒரு யுரேனியத் தாதுவிலிருந்து வெளிவந்த வாயுவை ஒளிரச் செய்து பார்த்தார். அதே மஞ்சள் கோடு!

திருவிழா பலூனில் அடைக்கிற வாயுவை மனிதர்கள் முதலில் சூரியனில் கண்டுபிடித்துவிட்டு, அதற்கப்புறம்தான் பூமியில் கண்டுபிடித்தார்கள். லேப் வேலையில் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், இதைவிடப் பெரிய ரிப்போர்ட்டை எந்த லேபும் கொடுத்ததில்லை.

"சரி தாத்தா, அது எவ்ளோ சூடு? தெர்மாமீட்டர் வெக்க முடியாதே?"

அதற்கும் ஃபர்னஸ் பக்கம்தான் போக வேண்டும். இரும்பு சூடேறும்போது முதலில் கருஞ்சிவப்பு, 700 டிகிரி வாக்கில். 1,000 தாண்டினால் ஆரஞ்சு. அப்புறம் மஞ்சள். 1,600 டிகிரியில் உருகிக் கிடக்கும்போது கண் கூசுகிற வெள்ளை. பழைய மெல்டர்கள் நீலக் கண்ணாடி வழியாக ஒரு பார்வை பார்த்து "இன்னும் இருபது டிகிரி ஏறணும்" என்பார்கள். தெர்மோகப்பிளை இறக்கிப் பார்த்தால் ஏறக்குறைய சரியாக இருக்கும். சூடான பொருளின் நிறமே அதன் வெப்பத்தைச் சொல்லிவிடும். சூரியனின் நிறங்கள் எந்த விகிதத்தில் கலந்திருக்கின்றன என்று அளந்துதான் அதன் மேற்பரப்பு சுமார் 5,500 டிகிரி என்று சொல்கிறார்கள். எங்கள் ஃபர்னஸைப் போல மூன்றரை மடங்கு.

சூரியனின் உண்மையான நிறம் வெள்ளை. ஏரிக்கரையில் காலையில் பார்க்கும் குங்குமச் சிவப்பு நம் காற்றின் வேலை. தாழ்வாக இருக்கும்போது ஒளி காற்றுக்குள் நீண்ட தூரம் வர வேண்டியிருக்கிறது. வரும் வழியில் நீலமெல்லாம் சிதறிவிட, மிச்சம் சிவப்பு மட்டும் கண்ணுக்கு வருகிறது. சிதறிய அந்த நீலம்தான் வானத்தின் நிறம்.

இந்த இடத்தில் பிள்ளைகளுக்கு ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்லிவிடுகிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் பக்கத்தில் நடந்த வெல்டிங்கை முகமூடி இல்லாமல் வேடிக்கை பார்த்தேன். அன்று ராத்திரி கண்ணில் மணலை அள்ளிப் போட்ட மாதிரி எரிச்சல், விடிய விடியத் தண்ணீர். அது இரண்டு நாளில் ஆறியது, கண்ணின் மேல்பரப்போடு போனதால். சூரியனை நேராகப் பார்த்தால் உள்ளே விழித்திரை கருகும். விழித்திரைக்கு வலி தெரியாது. பார்க்கும்போது ஒன்றும் ஆகவில்லை என்றுதான் தோன்றும், போன பார்வை திரும்பாது. கூலிங் கிளாஸ், எக்ஸ்ரே ஃபிலிம், புகை பிடித்த கண்ணாடி, எங்கள் ஃபர்னஸ் நீலக் கண்ணாடி எதுவும் உதவாது. சூரியனைப் பார்ப்பதற்கென்றே செய்த சான்றுள்ள கண்ணாடி வேண்டும். அல்லது சூரியனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அதன் உருவத்தைத் தரையில் பாருங்கள்.

தரையில் பார்க்க எங்கள் கொட்டகையே போதும். கீற்றில் நூறு ஓட்டை. ஒன்று முக்கோணம், ஒன்று கீறல், ஒன்று பிய்ந்த மூலை. ஆனால் தரையில் விழுகிற வெயில் பொட்டுகளைப் பாருங்கள், எல்லாம் வட்டம். ஓட்டை எந்த வடிவத்தில் இருந்தாலும் பொட்டு ஏன் வட்டமாக இருக்கிறது? ஏனென்றால் அது ஓட்டையின் வடிவம் இல்லை, சூரியனின் படம். 2019 டிசம்பர் 26 காலை கிரகணத்தின்போது இதே கொட்டகையில் வட்டமெல்லாம் பிறையாகிவிட்டன. தரை முழுக்க நூறு பிறை. கீழ்வீட்டுக்காரர்களும் தெருப் பிள்ளைகளும் ஏறி வந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.

பேத்தியிடம் டேப்பைக் கொடுத்தேன். ஒரு சின்ன ஓட்டையிலிருந்து தரைக்கு 216 சென்டிமீட்டர். மதியம் பன்னிரண்டேகால் வாக்கில் பொட்டின் குறுக்களவு 2 சென்டிமீட்டர். 216-ஐ 2-ஆல் வகுத்தால் 108. இந்தக் கணக்கு ஓட்டைக்கும் தரைக்கும் எப்படியோ அப்படியே சூரியனுக்கும் நமக்கும் பொருந்தும். சூரியன் அதன் குறுக்களவைப் போல ஏறக்குறைய 108 மடங்கு தூரத்தில் இருக்கிறது. 15 கோடியை 108-ஆல் வகுத்தால் சுமார் 13 லட்சத்து 90 ஆயிரம் கிலோமீட்டர். பூமியை 109 தடவை வரிசையாக வைத்தால்தான் அதன் குறுக்களவு வரும். உள்ளே கொட்டி நிரப்பினால் 13 லட்சம் பூமி பிடிக்கும். 108 திவ்ய தேசங்களில் எங்கள் பக்தவத்சலப் பெருமாள் கோயிலும் ஒன்று என்பதால் தின்னனூர்ப் பிள்ளைகளுக்கு இந்த எண் மறக்கவே மறக்காது. ஒற்றுமை தற்செயல்தான். நினைவில் வைக்க வசதி.

இவ்வளவு பெரிய உருண்டை எப்படி எரிகிறது? எரிகிறது என்பதே தப்பான சொல். நிலக்கரி மாதிரி எரிந்திருந்தால் சில ஆயிரம் வருஷத்தில் சாம்பலாகியிருக்கும். அதன் வயதோ 460 கோடி வருஷம். நடு மையத்தில் ஒன்றரைக் கோடி டிகிரி வெப்பம், மேலே இருக்கும் எடை முழுவதும் அமுக்குகிற அழுத்தம். அந்த நெருக்கடியில் ஹைட்ரஜன் அணுக்கருக்கள் ஒன்றோடொன்று இணைந்து ஹீலியமாகின்றன. விநாடிக்கு சுமார் 60 கோடி டன் ஹைட்ரஜன் உள்ளே போகிறது. வெளியே வரும் ஹீலியத்தை எடை போட்டால் ஏறக்குறைய 40 லட்சம் டன் குறையும். குறைந்த அந்த எடைதான் வெளிச்சமும் வெப்பமும். எங்கள் ஸ்டேஷனைத் தடதடவென்று கடக்கும் நிலக்கரி ரயில் ஒன்றில் சுமார் 4,000 டன் இருக்கும். விநாடிக்கு அப்படி ஆயிரம் ரயில் எடை ஒளியாக மாறுகிறது. இன்னும் 500 கோடி வருஷத்துக்குச் சரக்கு இருக்கிறது.

மையத்தை யாரும் கண்ணால் பார்க்க முடியாது. அங்கே பிறக்கும் ஒளி முட்டி மோதி மேலே வந்து சேரவே ஆயிரக்கணக்கான வருஷங்கள் ஆகின்றன. கல்லும் மண்ணும் இல்லாமல் மனசுக்குள்ளேயே அஸ்திவாரம் தோண்டி, செங்கல் அடுக்கி, கோயில் கட்டி முடித்த பூசலார் நாயனார் எங்கள் ஊர்க்காரர். சூரியனின் உட்புறத்தையும் விஞ்ஞானிகள் முதலில் கணக்காலேயே அப்படித்தான் கட்டினார்கள். பிற்பாடு சாட்சியும் கிடைத்தது. மையத்தில் நடக்கும் இணைப்பில் நியூட்ரினோ என்கிற நுண்துகள்கள் பிறக்கின்றன. எதிலும் முட்டாமல் நேராக வெளியேறி எட்டு நிமிஷத்தில் இங்கே வந்துவிடுகின்றன. உங்கள் விரல் நகம் அளவு இடத்தை விநாடிக்கு 6,000 கோடிக்கு மேல் துளைத்துப் போகின்றன. பூமிக்கடியில் கருவி வைத்து அவற்றில் சிலதைப் பிடித்துப் பார்த்தார்கள். மனசுக்குள் கட்டிய கோயில் சரியாகத்தான் இருந்தது.

சூரியனின் முகத்தில் கரும்புள்ளிகள் உண்டு. சுற்றிலும் இருப்பதைவிட ஒன்றரை, இரண்டாயிரம் டிகிரி சூடு குறைந்த இடங்கள், அதனால்தான் கறுப்பாகத் தெரிகின்றன. சுமார் 11 வருஷத்துக்கு ஒரு தடவை அவை பெருகிக் குறையும். இதைத் தொடர்ந்து பார்க்க நம் கொடைக்கானலில் ஓர் ஆய்வகம் இருக்கிறது. 1876-78 பஞ்சத்தில் சென்னை மாகாணமே செத்துப் பிழைத்தது. மழைக்கும் சூரியனுக்கும் தொடர்பு உண்டா என்று தெரிந்துகொள்ளும் அக்கறையும் அந்த ஆய்வகம் பிறக்க ஒரு காரணம். 1899-ல் தொடங்கி, 1901-லிருந்து சூரியனைப் பார்க்க ஆரம்பித்தார்கள். 1909-ல் ஜான் எவர்ஷெட் அங்கே இருந்துதான், கரும்புள்ளிக்குள் வாயு நடுவிலிருந்து விளிம்பை நோக்கி ஓடுவதைக் கண்டார். இன்றைக்கும் உலகப் பாடப் புத்தகங்களில் அது எவர்ஷெட் விளைவுதான். நூறு வருஷத்துக்கு மேலாக, மேகம் விட்ட நாளெல்லாம் அங்கே சூரியனைப் படம் எடுத்து வைத்திருக்கிறார்கள். ஒரு வேலையை இத்தனை தலைமுறை விடாமல் செய்ததை நினைத்தால் எனக்குத் தொண்டை அடைக்கும்.

முழு கிரகணத்தன்று சூரியனைச் சுற்றி வெண்முத்து நிறத்தில் ஒரு ஒளிவட்டம் தெரியும். அதற்கு கொரோனா என்று பெயர். 1869-ல் அமெரிக்காவில் தெரிந்த கிரகணத்தில் அந்த வட்டத்துக்குள் ஒரு பச்சைக் கோடு கிடைத்தது. எதற்கும் பொருந்தாத கோடு. போன வருஷம்தான் ஹீலியம் கிடைத்ததே, இதுவும் புதுப் பொருள் என்று கொரோனியம் எனப் பெயரும் வைத்தார்கள். அப்படி ஒரு பொருள் எங்கும் சிக்கவில்லை. 70 வருஷத்துக்கு அப்புறம் ஸ்வீடனின் பெங்ட் எட்லேன் உண்மையைக் கண்டார். அது நம் இரும்பு!

இரும்பு அணுவுக்கு 26 எலெக்ட்ரான். அதில் பாதி, 13, பிய்ந்து போனால்தான் அந்தப் பச்சை வரும். அவ்வளவு பிய்க்க 10 லட்சம் டிகிரிக்கும் மேல் வெப்பம் வேண்டும். அடுப்பின் மேல் 5,500 டிகிரி, அடுப்பைச் சுற்றியிருக்கும் காற்று 10 லட்சம் டிகிரி என்றால் எப்படி? காந்தப் புலங்களின் வேலை என்று தெரிகிறது. எந்த விதமாக என்பதில் விஞ்ஞானிகளுக்குள் இன்னும் முடிவு வரவில்லை.

அதை ஆராயக் கிளம்பிய விண்கலத்தை இந்த மாடியிலிருந்தே பார்த்தேன். 2023 செப்டம்பர் 2, சனிக்கிழமை காலை 11.50. ஸ்ரீஹரிகோட்டா இங்கிருந்து வடக்கே, கொஞ்சம் கிழக்கு தள்ளி, 70 கிலோமீட்டர். வேலையில் இருந்த காலத்தில் ராக்கெட் விடும் நாளில், அதற்கு இன்னும் கிட்டே இருக்கும் கும்மிடிப்பூண்டி லேப் வாசலில் நின்று பார்ப்போம். நெருப்பு உடனே தெரியும். ஒன்றேமுக்கால் நிமிஷம் கழித்து இடி உருளுகிற மாதிரி சத்தம் வந்து ஜன்னல் கண்ணாடி அதிரும். சூரியனிலிருந்து ஒலி வர வழியில்லை, நடுவே காற்று கிடையாது. காற்று இருந்து, ஒலி இங்கே வருகிற வேகத்திலேயே வந்தால்கூட 14 வருஷம் ஆகும். அன்றைக்கு மாடியில் சத்தம் ஒன்றும் கேட்கவில்லை. மேலே போன வெள்ளைக் கோடு கொஞ்ச நேரத்தில் கலைந்தது.

அதுதான் ஆதித்யா எல்-1. திட்ட இயக்குநர் செங்கோட்டையில் பிறந்த நிகர் ஷாஜி. 2024 ஜனவரி 6-ல் அது தன் இடத்துக்குப் போய்ச் சேர்ந்தது, 15 லட்சம் கிலோமீட்டர் தூரத்துக்கு. சூரியனுக்கே போய்விட்டது என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். இல்லை, நூறில் ஒரு பங்கு தூரம்தான். அங்கிருந்து சூரியன் பூமிக்குப் பின்னால் மறையவே மறையாது. அதில் இருக்கும் முக்கியக் கருவியைச் செய்தது பெங்களூரு இந்திய வானியற்பியல் நிறுவனம். கொடைக்கானல் ஆய்வகமும் அவர்களுடையதுதான், வேரைத் தேடினால் நுங்கம்பாக்கம் மெட்ராஸ் வானாய்வகத்துக்கு வந்துவிடும். அந்தக் கருவி சூரியத் தட்டை மறைத்துத் தனக்குத்தானே ஒரு கிரகணம் உண்டாக்கிக்கொண்டு கொரோனாவைப் பார்க்கும். எந்தக் கோடுகளைப் பார்க்கிறது தெரியுமா? அந்தப் பச்சை, இன்னும் இரண்டு. மூன்றும் இரும்பின் கோடுகள்.

"அப்ப நீ பாத்த வேலைதான அதுவும் பாக்குது?" என்றாள் பேத்தி.

"ஆமாம்மா. அதே வேலை."

கொஞ்ச நேரம் பொட்டுகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். சூரியன் நேர் உச்சிக்கு வருகிற நாள் எது என்று கேட்டாள். நம் ஊருக்கு வருஷத்தில் இரண்டு தடவை வரும். ஒன்று ஏப்ரல் 24-ஐ ஒட்டி, அது போய்விட்டது. அடுத்தது ஆகஸ்ட் 18, ஜான்சன் குண்டூரில் நின்ற அதே தேதி. அன்று சூரியன் உச்சியில் நிற்கும் நேரத்தில் நட்டு வைத்த குச்சிக்கு நிழலே இருக்காது, கொட்டகைப் பொட்டுகள் துளி நீளாமல் சுத்த வட்டமாக விழும்.

"அன்னிக்கு எனக்கு ஸ்கூல் இருக்குமே தாத்தா."

உன் ஸ்கூல் இருக்கும் ஆவடியும் நம் ஊரும் ஏறக்குறைய ஒரே கணக்குத்தான், ஸ்கூல் மைதானத்திலேயே ஒரு குச்சி நட்டுப் பார்க்கலாம் என்றேன். எத்தனை மணிக்குப் பார்க்க வேண்டும் என்று கேட்டாள். பன்னிரண்டு பதினாலு என்றேன். மறந்துவிடக் கூடாதென்று புத்தகத்தின் பின்னட்டையில் 12.14 என்று எழுதி, அதைச் சுற்றி ஒரு வட்டம் போட்டுக்கொண்டாள்.